கார் யார் பெயரில்? பிறைக் குடும்பம் ஒன்று கார் வாங்கிக் காப்புறுதி எடுத்த கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2024-இல் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பெருநிலப் பகுதியிலுள்ள பிறையில் நடந்தது. பிறை, பட்டர்வொர்த் வட்டாரக் குடும்பங்களுக்கு வரவுசெலவு ஆலோசனை சொல்லும் ஒரு சிறு குழுவில் நான் இருக்கிறேன். அந்த வகையில் இந்தக் குடும்பத்தோடு ஆரம்பத்திலிருந்து கூடவே இருந்து பார்த்தேன். அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன்; அடையாளம் காட்டும் விவரங்களை விட்டிருக்கிறேன்.

குடும்பத்தில் ஐந்து பேர். கணவர் பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் டெக்னீஷியன். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறார். பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது, காருக்கு உண்டு. அதனால் காரில் வேலைக்குப் போகும் எண்ணமே அவருக்கு இல்லை. மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை, நிரந்தர அரசு ஊழியர். இரண்டு பிள்ளைகள், கணவரின் தாயார்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருந்தது: 2010-இல் பதிவான பெரொடுவா விவா. ஆசிரியை வேலைக்குச் சேர்ந்த புதிதில் தன் பெயரில் வாங்கியது. கியர் பாக்ஸ் தகராறு செய்தது, ஏர்கோன் நின்றுபோனது. பட்டறைச் செலவு மாதாமாதம் வந்துகொண்டே இருந்ததால், மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். கையில் சேமிப்பு கொஞ்சம்தான். வீட்டுக் கடன் கணவர் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் கண்டது

கணவரின் மனதில் இருந்தது 2013-ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் 1.8. பழைய காராக வாங்கினால் ஏறக்குறைய ஆறு வருடப் பழைய பெரொடுவா மைவி (சிறிய கார்) விலைக்கே கிடைக்கிறது. பெரிய கார், நல்ல கார். அவர் ஆசையில் தவறில்லை. ஆனால் விலைச்சீட்டில் தெரியாத செலவுகளை எடுத்து வைத்தபோது படம் மாறியது. சாலை வரி இன்ஜின் அளவைப் பொறுத்தது: 1.3 மைவிக்கு ஆண்டுக்கு 70 ரிங்கிட், 1.8 சிவிக்கிற்கு ஏறக்குறைய 280. பத்து வயது தாண்டிய காருக்கு விபத்துக் கிளேமில் புது உதிரிபாகம் போட்டால், அந்தப் பாகத்தின் விலையில் 40 விழுக்காடு வரை உரிமையாளர் தலையில் விழும். ஐந்து வயதுக் காருக்கு 15 விழுக்காட்டில் தொடங்கி ஆண்டுக்கு ஐந்தைந்தாக ஏறும் கணக்கு இது. ஆறு வயது மைவிக்கு 20தான். பழைய கார் என்றால் வங்கி தரும் கடன் காலமும் சுருங்கும். கணவரே கணக்கைப் பார்த்துவிட்டு "சரி, மைவியே பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்.

பட்டர்வொர்த்தில் ஒரு பழைய கார் கடையில் 2018-ஆம் ஆண்டு மைவி 1.3 ஒன்று 35,000 ரிங்கிட்டுக்கு இருந்தது. மற்ற இடங்களை விட ஆயிரத்து ஐந்நூறு குறைவு. விற்பனையாளர் அங்கேயே ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார்: கணவர் பெயரில் பதிவு, 31,500 கடன், ஒன்பது ஆண்டு, மாதம் 384 ரிங்கிட். காப்புறுதி 30,000 ரிங்கிட்டுக்கு, கட்டணம் சுமார் 1,120. முன்பதிவாக 500 ரிங்கிட்டும் கட்டியாகிவிட்டது.

அந்தத் தாளோடுதான் எங்களிடம் வந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: விலையை இன்னும் குறைக்க முடியுமா? எனக்கு அந்தத் தாளில் விலை பெரிய விஷயமாகப் படவில்லை. காரின் விலைக்காக எத்தனை வாரம் வேண்டுமானாலும் பேரம் பேசுகிறோம். யார் பெயரில் பதிவு, எவ்வளவு தொகைக்குக் காப்புறுதி, எத்தனை ஆண்டுக் கடன் என்பதை மட்டும் விற்பவர் எழுதியபடியே விட்டுவிடுகிறோம். பல வீடுகளில் பணம் போவது இந்த இடத்தில்தான். இதைப் பார்க்கப் பார்க்க மனம் பொறுப்பதில்லை.

யார் பெயரில்

கிளேம் எதுவும் செய்யாமல் இருந்த ஆண்டுகளுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவைத்தான் என்சிடி என்கிறோம். தனியார் காருக்கு முதல் ஆண்டு முடிந்ததும் 25 விழுக்காடு. பிறகு 30, 38.33, 45, ஐந்து ஆண்டுக்குப் பின் 55. இந்தக் கழிவு காருக்குச் சொந்தமில்லை, காப்புறுதி எடுத்தவருக்குச் சொந்தம். பழைய காரை விற்றுவிட்டுத் தன் பெயரில் இன்னொரு கார் வாங்கினால் அதைக் கூடவே எடுத்துப்போகலாம்.

ஆசிரியைக்கு விவாவில் 55 விழுக்காடு முழுசாக இருந்தது. கணவருக்குக் கார் கழிவு எதுவும் இல்லை. மோட்டார் சைக்கிளில் அவருக்கு இருந்த கழிவு தனி வகுப்பு, காருக்குச் செல்லாது. ஆக, மைவி கணவர் பெயரில் பதிவானால் காப்புறுதி பூஜ்யத்தில் தொடங்கும், ஆசிரியை பல வருடம் சேர்த்த 55 விழுக்காடு விவாவோடு சேர்ந்து பயனற்றுப் போகும்.

இதைச் சொன்னதும் வீட்டில் உடனே ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. கணவரின் தாயார், "குடும்பத்துக் காடி ஆம்பள பேருலதானே இருக்கணும், நாலு பேரு என்ன சொல்லுவாங்க" என்றார். கணவரும் முதல் நாள் பேசாமல்தான் இருந்தார். நான் வற்புறுத்தவில்லை, கணக்கை மட்டும் எழுதிக் கொடுத்தேன். காரின் சந்தை மதிப்பான 36,000 ரிங்கிட்டுக்குக் காப்புறுதி எடுத்தால் அடிப்படைக் கட்டணம் ஏறக்குறைய 1,180. ஆசிரியை பெயரில் அது 530-க்கு இறங்கும். கணவர் பெயரிலும் ஆண்டுதோறும் கழிவு ஏறிக்கொண்டு வரும் என்பதால், இந்த வித்தியாசம் என்றைக்கும் இருக்காது. ஐந்து ஆண்டுக்கு மொத்தமாகப் பார்த்தால் சுமார் 1,500 ரிங்கிட். வீட்டுக் கடன் கணவர் பெயரில் இருந்ததால், ஆசிரியையின் சம்பளச் சீட்டுக்குக் கார் கடன் சுலபமாகக் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம். மறுநாள் கணவரே, "உன் பேருலயே போடு, ஓட்டப் போறது நீதானே" என்று சொல்லிவிட்டார். அம்மாவும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த முதல் கார்

காரை ஒரு பட்டறைக்காரரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். உரிமை மாற்றத்துக்குப் புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) சோதனை இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே இன்ஜின் எண், சேஸி எண், அடிப்படைப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். கார் உள்ளுக்குள் எப்படி இருக்கிறது என்று சான்று கொடுப்பது அவர்கள் வேலையில்லை.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தெரிந்த பட்டறைக்காரர் வந்தார். இன்ஜினைத் திறக்கும் முன்னே அவர் பார்த்தது சீட் பெல்ட்டை. கடைசி வரை இழுத்துப் பிடித்தார். வழக்கமாக வெளியே தெரியும் பகுதி கறுப்பாகச் சுத்தமாக இருந்தது. உள்ளே சுருண்டிருக்கும் கடைசி ஒரு சாண் பகுதியில், குறுக்கே மங்கலான பழுப்புக் கோடு. பின்பக்க டிக்கியில் விரிப்பை எடுத்து, ஸ்பேர் டயரைத் தூக்கி, குழியின் விளிம்பில் விரலை ஓட்டினார். விரல் நுனியில் நைசான காய்ந்த சேறு ஒட்டியது. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், இருக்கை நகரும் இரும்புத் தடம் துருப்பிடித்திருந்தது. "டீச்சர், இந்தக் காடி தண்ணி குடிச்சிருக்கு" என்றார்.

அந்தக் கார் முன்பு சிலாங்கூரில் ஓடியது என்பது காரின் பதிவு அட்டையில் தெரிந்தது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா உட்படக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ கார்கள் கூரை வரை மூழ்கின. இது அவற்றில் ஒன்றா என்று யாரும் நிரூபிக்கவில்லை, எங்களுக்கு அது தேவையும் இல்லை. வெள்ளத்தில் நின்ற காரில் வயரிங் எப்போது சிக்கல் கொடுக்கும் என்று சொல்லவே முடியாது. விலை ஆயிரத்து ஐந்நூறு குறைந்திருந்ததன் காரணம் இப்போது புரிந்தது.

முன்பணம் 500-ஐத் திரும்பக் கேட்டபோது கடையில் இழுத்தடித்தார்கள். ரசீதில் "சோதனையில் குறை இருந்தால் பணம் திருப்பித் தரப்படும்" என்று எதுவும் எழுதப்படவில்லை. கடைசியில் 250 மட்டும் கிடைத்தது.

கடன்

இரண்டாவது கார் புக்கிட் மெர்தாஜாமில் வேறொரு கடையில் கிடைத்தது. அதுவும் 2018 மைவி 1.3. ஒரே உரிமையாளர், பெரொடுவா சர்வீஸ் மையத்தின் பதிவுகள் தேதி வாரியாக, கிலோமீட்டர் எண்கள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருந்தன. நான்கு டயரும் மாற்ற வேண்டிய நிலை என்பதைக் காட்டி 36,800-லிருந்து 35,000-க்குக் கொண்டுவந்தார்கள்.

கடனில் தான் பெரிய தொகை ஒளிந்திருந்தது. அந்த நேரத்தில் அவர்களுக்குக் கிடைத்த விகிதம் 3.5 விழுக்காடு, நிலையான வட்டி. இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: தவணை கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும், வட்டி முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே எல்லா ஆண்டுக்கும் கணக்கிடப்பட்டது. குறைந்துவரும் பாக்கிக்கு என்று பார்த்தால் உண்மையான விகிதம் ஆறரை விழுக்காட்டை ஒட்டி வரும். முதல் கடைக்காரர் எழுதிய 31,500 கடனுக்கு ஒன்பது ஆண்டு வட்டி 9,922 ரிங்கிட். இவர்கள் முன்பணத்தை 10,000 ஆக்கி, 25,000 மட்டும் ஐந்து ஆண்டுக்குக் கடன் எடுத்தால் வட்டி 4,375. வித்தியாசம் ஐயாயிரத்து ஐந்நூறுக்கு மேல். காப்புறுதியில் மிச்சப்பட்டதை விட இது மூன்று மடங்குக்கும் அதிகம். "நீண்ட தவணையில் எடுத்துவிட்டு முன்கூட்டியே அடைத்துவிடலாம்" என்ற யோசனையும் வந்தது. அவர்கள் பார்த்த ஒப்பந்தத்தில் வட்டியின் பெரும்பங்கு ஆரம்ப மாதங்களில் கழிக்கப்படும் முறை இருந்தது. முன்கூட்டி அடைத்தாலும் எதிர்பார்த்த அளவு மிஞ்சாது. அதனால் ஆரம்பத்திலேயே குறுகிய காலம் என்று முடிவானது.

மாதத் தவணை 384-க்குப் பதில் 490. நூறு ரிங்கிட் கூடுகிறது என்று கணவர் தயங்கினார். நியாயமான தயக்கம்தான். கார் தேடிய மாதங்களிலேயே மாதம் 500 ரிங்கிட்டைத் தனிக் கணக்கில் போட்டுப் பார்க்கச் சொன்னோம். முடிந்தது. அந்தப் பணமும் முன்பணத்தில் சேர்ந்தது.

விவாவை முதலில் விற்றது

இங்கே வரிசை முக்கியம். ஒருவரின் 55 விழுக்காடு ஒரே நேரத்தில் ஒரு காரில்தான் இருக்க முடியும். விவாவின் காப்புறுதி நடப்பில் இருக்கும்போதே மைவிக்குக் காப்புறுதி எடுத்தால், மைவி பூஜ்யத்தில் தொடங்கும். அதனால் விவாவை விற்று, உரிமை மாற்றி, அதன் காப்புறுதியை ரத்து செய்து, அப்புறம்தான் மைவிக்குக் காப்புறுதி என்று தீர்மானித்தார்கள். விற்பனையாளர் அவசரப்படுத்தினார், இருந்தாலும் காத்திருந்தார்கள்.

கடையில் மாற்றுக் காராகக் கொடுத்தால் 5,500 தருவதாகச் சொன்ன விவா, நேரடியாக ஒரு கல்லூரி மாணவரின் குடும்பத்துக்கு 7,000-க்குப் போனது. ஆனால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவில் ஒரு தடை: கடன் எப்போதோ அடைபட்டிருந்தும் வங்கியின் உரிமைக் குறிப்பு நீக்கப்படாமல் இருந்தது. அதை நீக்க மூன்று வாரம் ஆனது. அந்த நாள்களில் ஆசிரியை பள்ளிக்குச் சக ஆசிரியையோடு போய்வந்தார்.

காப்புறுதித் தொகை

முதல் கடைக்காரர் 30,000-க்குக் காப்புறுதி எழுதியது கட்டணத்தைக் குறைத்துக் காட்டத்தான். காரின் சந்தை மதிப்பு 36,000-ஐ ஒட்டி இருந்தது. சந்தை மதிப்பை விட 10 விழுக்காட்டுக்கு மேல் குறைவாக எடுத்தால், சிறு விபத்திலும் அந்த விகிதத்தில்தான் பணம் வரும். 6,000 ரிங்கிட் பழுது என்றால் நிறுவனம் 5,000 தரும், மீதி ஆயிரம் கைக்காசு. ஆண்டுக்கு நூற்றைம்பது மிச்சம் பிடிக்கப் போய் ஆயிரத்தை அடகு வைப்பது போன்றது அது.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைத் தாக்கிய வெள்ளத்தில் இவர்கள் தெருவிலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் சேராது. தனியாகச் சேர்க்க வேண்டும். ஏறக்குறைய 180 ரிங்கிட். சேர்த்தார்கள். முன்கண்ணாடிக்கு 800 ரிங்கிட் அளவுக்குத் தனிக் காப்புறுதி, 120 ரிங்கிட். கண்ணாடிக் கிளேம் கழிவைத் தொடாது என்பதால் அதுவும் வேண்டும் என்றேன். கணவரின் பெயரை ஓட்டுநராகச் சேர்த்தார்கள். பெயர் குறிப்பிடாதவர் ஓட்டி விபத்தானால் 400 ரிங்கிட் கைப்பணம் கட்ட வேண்டிவரும். இதர சில்லறைத் திட்டங்கள் எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

2017-இல் முழுக் காப்புறுதிக் கட்டணம் தளர்த்தப்பட்ட பின் ஒரே காருக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறுகிறது. மூன்று இடங்களில் கேட்டார்கள். முகவர் இல்லாமல் நேரடியாக இணையத்தில் வாங்கியதில் பத்து விழுக்காடு தள்ளுபடியும் கிடைத்தது. 8 விழுக்காடு சேவை வரியும் 10 ரிங்கிட் முத்திரைக் கட்டணமும் சேர்த்து, மொத்தம் 820 ரிங்கிட்டைச் சுற்றி முடிந்தது. வெள்ளமும் கண்ணாடியும் இல்லாமல் 30,000-க்கு மட்டும் முதல் கடையில் சொன்ன 1,120-ஐ விட இது குறைவு. இதே பாதுகாப்பைக் கணவர் பெயரில் கடை வழியாக எடுத்திருந்தால் 1,600 தாண்டியிருக்கும்.

பின் நடந்தவை

வாங்கி நான்கு மாதம் கழித்து வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் போகும்போது கல் தெறித்து முன்கண்ணாடி விரிசல் விட்டது. கண்ணாடிக் காப்புறுதியில் மாற்றினார்கள். 55 அப்படியே இருந்தது. அதன் பிறகு பள்ளிக்கூட வாசலில் தூணில் உரசி முன் பம்பர் கீறியது. பட்டறையில் 280 கேட்டார்கள். கணவர் கிளேம் செய்யலாம் என்றார். கிளேம் செய்தால் 55 நேராகப் பூஜ்யத்துக்கு இறங்கும், அடுத்த ஆண்டே அறுநூறுக்கு மேல் இழப்பு என்று ஆசிரியையே அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். கைக்காசு கொடுத்தார்கள்.

மூன்றாவது கொஞ்சம் பெரிது. செபெராங் ஜெயா சமிக்ஞை விளக்கில் நின்றிருந்தபோது பின்னால் வந்த கார் இடித்தது. கேட்காமலேயே இழுவை லாரி ஒன்று வந்து நின்று, "நம்ம பட்டறைக்குக் கொண்டு போயிடலாம் டீச்சர், எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார் அதன் ஓட்டுநர். ஆசிரியை கையெழுத்து எதுவும் போடாமல், காப்புறுதி நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணை அழைத்தார். அன்றே போலீஸ் புகார். சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும். பின்னால் வந்தவர் மீது தவறு என்று முடிவானதும், இரு கார்களுக்கும் முழுக் காப்புறுதி இருந்ததால், தன் நிறுவனத்திலேயே கிளேம் செய்து, கழிவு குறையாமல் பழுது முடிந்தது.

முதல் ஆண்டுப் புதுப்பிப்பில் காரின் சந்தை மதிப்பை மறுபடி பார்த்துக் காப்புறுதித் தொகையைக் குறைத்தார்கள். கட்டணமும் கொஞ்சம் இறங்கியது.

இன்னொரு முறை என்றால் மாற்ற வேண்டியவை

விவாவின் உரிமைக் குறிப்பைக் கடன் அடைந்த அன்றே நீக்கியிருக்க வேண்டும். அந்த மூன்று வாரம் வீணானது அதனால்தான். கார் மாற்றும் எண்ணம் வந்ததுமே ஜேபிஜே பதிவைச் சரிபார்க்க வேண்டும் என்று இப்போது வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் சொல்கிறோம்.

முன்பணம் கட்டும் முன் ரசீதில் திருப்பித் தரும் நிபந்தனையை எழுதி வாங்க வேண்டும். பட்டறைக்காரரை முன்பணத்துக்கு முன்பே கூட்டிப்போனால் இன்னும் நல்லது. அவர் அரை நாளுக்கு வாங்கியது 100 ரிங்கிட். முன்பணத்தில் போனது 250.

கடன் விகிதத்தைக் கடைக்காரர் வாயிலாகக் கேட்டதற்குப் பதில், இரண்டு வங்கிகளில் நேரடியாக முதலில் கேட்டிருக்கலாம். அது நடக்கவில்லை, அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று இப்போது கணக்கிடவும் வழியில்லை.

காரை மனைவி பெயரில் போட்டதில் ஒரு விலையும் உண்டு: கணவருக்கென்று கார் கழிவு இன்னும் தொடங்கவே இல்லை. மூத்த பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது வீட்டுக்கு இரண்டாவதாக ஒரு சிறிய கார் தேவைப்படும் என்கிறார்கள். அதைக் கணவர் பெயரில் பதிவதென்று இப்போதே முடிவு செய்திருக்கிறார்கள். ஆயிரம் சிசிக்கு உட்பட்ட கார் என்றால் சாலை வரி 20 ரிங்கிட், காப்புறுதித் தொகையும் சிறிது. பூஜ்யத்தில் தொடங்கினாலும் அவருக்குப் பாரம் குறைவு.